காத்திருக்க யாரால் முடியும்? கனடா மாணவர் அனுமதியும் ஒரு நூற்றாண்டு வரலாறும்

2020 மார்ச் 18 அன்று கனடா தன் எல்லையை வெளிநாட்டவருக்கு மூடியது. அந்தத் தேதியே பிறகு ஒரு கோடாக மாறியது. மார்ச் 18 அன்றோ அதற்கு முன்போ மாணவர் அனுமதி பெற்றிருந்தால் நீங்கள் விதிவிலக்கு, வரலாம். மார்ச் 19 அன்று பெற்றிருந்தால் வர முடியாது. ஒரே கல்லூரியில் ஒரே படிப்புக்கு ஒரே கட்டணம் கட்டிய இருவரில், கோப்பு முன்னால் நகர்ந்தவர் உள்ளே போனார். கோப்பு பின்தங்கியவர் ஊரில் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்தவர்கள் அக்டோபர் 20 வரை, ஏழு மாதம், காத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் அவரவர் கல்லூரியின் கொரோனா தடுப்புத் திட்டத்துக்கு அந்தந்த மாகாண அரசு ஒப்புதல் தந்திருந்தால் மட்டுமே வழி திறந்தது.

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லையை மூடியது தவறு என்று நாம் சொல்லவில்லை. உயிரைக் காக்கப் பல நாடுகளும் மூடின. இந்தியாவும் 2020 மார்ச் இறுதியில் பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. வழக்கமான சேவை 2022 மார்ச் 27-இல்தான் திரும்பியது. நமது கேள்வி வேறு. கதவு மூடியிருந்த காலத்தின் செலவு யார் தலையில் விழுந்தது? அந்தச் செலவைத் தாங்க யாருக்கு வசதி இருந்தது, யாருக்கு இல்லை? இதைப் புரிந்துகொள்ள நூறாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

நேராக வா, ஆனால் நேர்வழி கிடையாது

1908-இல் கனடா ஓர் ஆணை பிறப்பித்தது. கனடாவுக்குக் குடியேற வருபவர், தான் பிறந்த நாட்டிலிருந்தோ குடிமகனாக உள்ள நாட்டிலிருந்தோ, இடையில் எங்கும் தங்காமல், புறப்படும் முன்பே வாங்கிய ஒரே பயணச்சீட்டில் வந்து சேர வேண்டும். ஆணையில் இந்தியா என்ற சொல் இல்லை. இந்தியர்கள் அப்போது பிரிட்டிஷ் பேரரசின் குடிகள். அதே பேரரசுக்குள் இருந்த கனடா, அவர்கள் வரக்கூடாது என்று வெளிப்படையாக எழுத முடியாது. ஆனால் இந்தியாவிலிருந்து கனடாவுக்கு இடையில் நிற்காமல் போகும் கப்பல் கிடையாது என்பது ஆணை எழுதியவர்களுக்குத் தெரியும். இதோடு, ஆசியாவிலிருந்து வருபவர் கையில் 200 டாலர் காட்ட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. அன்றைய கூலித் தொழிலாளிக்கு அது எட்டாத தொகை. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்துகொண்டிருந்த இந்தியர்களின் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

இந்த விதியை எதிர்த்துத்தான் குர்தித் சிங் ஹாங்காங்கில் கோமகாட்டா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு எடுத்தார். 1914 மே 23 அன்று கப்பல் வான்கூவர் துறைமுகம் சேர்ந்தது. 376 பயணிகள். பெரும்பாலோர் பஞ்சாபிச் சீக்கியர்கள், சில முஸ்லிம்கள், சில இந்துக்கள். ஏற்கெனவே கனடாவில் குடியிருந்த இருபத்துச் சொச்சம் பேரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை. தண்ணீருக்கும் உணவுக்கும் தவித்தபடி இரண்டு மாதம் கப்பலிலேயே கிடந்தார்கள். ஜூலை 23 அன்று போர்க்கப்பலைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் இறுதியில் கல்கத்தா அருகே பஜ்பஜ்ஜில் கரை இறங்கியவர்கள் மீது பிரிட்டிஷ் காவல்துறை சுட்டது. சுமார் இருபது பேர் இறந்தார்கள். இதற்காகக் கனடா நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2016 மே 18 அன்று.

அதே காலத்தில் பசிபிக் கடலைக் கடந்த இன்னொருவரையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த மங்கூ ராம் 1909-இல் அமெரிக்கா போனார். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். தந்தையின் தோல் வணிகத்தில் கொஞ்சம் பணம் இருந்ததால் பயணம் கைகூடியது. கலிபோர்னியாவின் தோட்டங்களில் வேலை செய்தார், கதர் கட்சியில் சேர்ந்தார். 1925-இல் ஊர் திரும்பினார், 1926-இல் ஆத் தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். கடல் கடந்து போனவர் எதைக் கற்றுக்கொண்டு வருவார் என்பதற்கு அவர் ஓர் உதாரணம். கடலைக் கடக்கக் கையில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கும் அவரே உதாரணம்.

திறந்த கதவும் அதன் கட்டணமும்

1960-களில் கனடா இன அடிப்படையிலான குடியேற்ற விதிகளைக் கைவிட்டது. 1967-இல் புள்ளி முறை வந்தது. படிப்பு, மொழி, வயது, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் தந்து ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். இது பெரிய மாற்றம், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கதவின் வழியே மாணவராக நுழைவதற்கு ஒரு விலை வைக்கப்பட்டது. அது ஆண்டுக்கு ஆண்டு ஏறியது.

2020-21 கல்வியாண்டில் இளநிலைப் படிப்புக்குக் கனடா நாட்டு மாணவர் சராசரியாகக் கட்டியது சுமார் 6,600 டாலர். வெளிநாட்டு மாணவர் கட்டியது சுமார் 32,000 டாலர். ஏறக்குறைய ஐந்து மடங்கு. 2019 இறுதியில் கனடாவில் சுமார் 6.4 இலட்சம் வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர். உள்நாட்டு அரசுகள் நிதியைக் குறைக்கக் குறைக்க, கல்லூரிகள் இந்தக் கட்டணத்தைக் கொண்டுதான் கணக்கைச் சரிக்கட்டின.

2018-இல் இந்தியா, சீனா, வியட்நாம், பிலிப்பைன்ஸ் மாணவர்களுக்கு 'ஸ்டூடண்ட் டைரக்ட் ஸ்ட்ரீம்' என்ற விரைவு வழி வந்தது. சுமார் 20 நாளில் முடிவு என்றார்கள். அதற்கு முதலாண்டுக் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். கனடிய வங்கியில் 10,000 டாலர் உத்தரவாத வைப்பு போட்டிருக்க வேண்டும். 1908-இன் 200 டாலர் ஆளைத் தடுக்கக் கேட்ட பணம். 2018-இன் 10,000 டாலர் ஆளை வரவழைக்கக் கேட்ட பணம். நோக்கம் நேரெதிர்தான். ஆனால் இரண்டிலும் விரைவாகப் போகிற வரிசையில் நிற்கப் பணம் இருந்தே தீர வேண்டும்.

இந்த முன்பணம்தான் பெருந்தொற்றில் மாணவரின் கழுத்தைப் பிடித்தது. அனுமதி வருமா என்று தெரிவதற்கு முன்பே இலட்சக்கணக்கான ரூபாய் கடல் கடந்து போய்விட்டிருந்தது.

பாதி ஒப்புதல்

2020 மார்ச்சில் இந்தியாவிலிருந்த விசா விண்ணப்ப மையங்கள் மூடப்பட்டன. மாணவர் அனுமதிக்குக் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும், அதற்கு மையத்துக்கு நேரில் போக வேண்டும். மையம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கைரேகை இல்லாமல் கோப்பு முடியாது, கோப்பு முடியாமல் அனுமதி இல்லை. மாணவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். செய்ய முடியாத ஒன்று மட்டும் அவர் கையில் இல்லை.

செப்டம்பர் பருவம் நெருங்கியபோது, ஜூலை 14 அன்று கனடா குடிவரவுத் துறை இரண்டு கட்ட ஒப்புதலை அறிவித்தது. முதல் கட்டம் 'கொள்கையளவில் ஒப்புதல்'. படிப்பு, பணம், மொழித் தகுதி ஆகியவை சரி என்று சொல்லும் கடிதம். அதை வைத்து ஊரிலிருந்தே இணைய வகுப்பைத் தொடங்கலாம். ஆனால் பயணம் செய்ய முடியாது. கைரேகை, மருத்துவச் சோதனை, காவல்துறைச் சான்று எல்லாம் முடிந்த பிறகே இரண்டாம் கட்டம். அதில் மறுக்கப்படவும் கூடும். ஊரிலிருந்து படித்த காலமும் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்குக் கணக்கில் வரும் என்று அரசு சொன்னது. முதலில் பாதிப் படிப்பு வரை என்றார்கள். 2021 பிப்ரவரியில் முழுப் படிப்புக்கும் நீட்டித்தார்கள். இது நியாயமான சலுகை, பலரைக் காப்பாற்றியது.

ஆனால் யாரை? நாங்கள் குடியிருப்புகளில் பணி செய்கிறவர்கள். இணைய வகுப்பு என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும். டொரன்டோவில் காலை பத்து மணி வகுப்பு என்றால் இங்கே மாலை ஏழரை அல்லது எட்டரை. அங்கே மாலை வகுப்பு என்றால் இங்கே விடியற்காலை. ஒரே அறையில் குடும்பமே உறங்கும் வீட்டில், ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு, மின்சாரம் போகும்போதெல்லாம் அறுந்துபோகும் இணைப்பில், ஐந்து மடங்கு கட்டணம் கட்டிய வகுப்பைக் கேட்க வேண்டும். தனி அறையும் அகன்ற இணைப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது சிரமம். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது படிப்பே அல்ல.

அதோடு, அங்கே போனால் பகுதிநேர வேலை செய்து வாழ்க்கைச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் குடும்பங்களின் கணக்கு. ஊரில் உட்கார்ந்தால் அந்த வருமானம் இல்லை. கட்டணம் மட்டும் டாலரில் ஓடும். ஏற்கெனவே கனடாவில் இருந்த வெளிநாட்டு மாணவர்களின் நிலையும் லேசானதல்ல. அந்த அரசு மாணவர்களுக்கென்று 2020 கோடையில் கொண்டுவந்த உதவித்தொகை, குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்பாளர்களுக்கும் ஏதிலிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கும் மட்டுமே. அதேசமயம், வாரம் 20 மணி நேரம் என்ற வேலை வரம்பை, மருத்துவம், உணவு போன்ற இன்றியமையாத துறைகளில் வேலை செய்யும் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆகஸ்டு வரை தளர்த்தினார்கள். உழைப்பு தேவைப்பட்டபோது கூடுதல் நேரம் கிடைத்தது. உதவி தேவைப்பட்டபோது மாணவர் வெளிநாட்டவர் ஆகிவிட்டார்.

சுற்றி வா, நேர்வழி கிடையாது

2021 ஏப்ரலில் இந்தியாவில் இரண்டாம் அலை. ஏப்ரல் 22 அன்று இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வரும் நேரடி விமானங்களைக் கனடா நிறுத்தியது. முதலில் 30 நாள் என்றார்கள். இந்தியாவுக்கு அது நீட்டித்து நீட்டித்து செப்டம்பர் 26 வரை போனது. ஐந்து மாதம்.

இந்தத் தடை இந்தியர்கள் வரவே கூடாது என்று சொல்லவில்லை. வேறு நாடு வழியாக வரலாம். ஆனால் கடைசியாகப் புறப்படும் மூன்றாம் நாட்டில் எடுத்த கொரோனா சோதனை முடிவு வேண்டும், இந்தியாவில் எடுத்தது செல்லாது. இதன் பொருள், மூன்றாம் நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும், அங்கே தங்க வேண்டும், சோதனை எடுக்க வேண்டும், முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு வேறு விமானம் பிடிக்க வேண்டும். மாணவர்கள் தோஹா, பெல்கிரேடு, மெக்சிகோ சிட்டி, மாலே என்று உலகைச் சுற்றினார்கள். அந்த நாடுகளும் விதியை மாற்றிக்கொண்டே இருந்தன. ஒரு வாரம் திறந்திருந்த வழி அடுத்த வாரம் அடைபட்டது. நடுவழியில் சோதனையில் தொற்று என்று வந்தால் அறிமுகமில்லாத நாட்டில் தனியாகக் கிடக்க வேண்டும். பயணச் செலவு பல மடங்கானது. ஆகஸ்டு தொடக்கம் வரை கனடாவில் இறங்கியதும் அரசு குறிப்பிட்ட விடுதியில் சொந்தச் செலவில் தங்க வேண்டும் என்ற விதியும் இருந்தது.

1908-ஐயும் 2021-ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். அன்று இடையில் நிற்காமல் நேராக வா என்றார்கள், நேர்வழி இல்லை. இன்று இடையில் நின்று சுற்றி வா என்றார்கள், நேர்வழி இருந்தும் மூடப்பட்டது. இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. அன்றையது நிறவெறியில் பிறந்த விதி. இன்றையது நோய்ப் பரவலைத் தடுக்கப் போட்ட விதி, முடிவும் உண்டு. ஆனால் இரண்டும் வேலை செய்த விதம் ஒன்று. விதி யாரையும் பெயர் சொல்லி நிறுத்தவில்லை. பணமும் தொடர்புகளும் உள்ளவர் ஏதோ ஒரு வழியில் போய்ச் சேர்ந்தார். இல்லாதவர் தானாகவே நின்றுவிட்டார். தானாக நின்றவரை எந்தப் பதிவேடும் 'மறுக்கப்பட்டவர்' என்று குறிக்காது.

தடுப்பூசியிலும் இதே கதைதான். இந்தியாவின் அரசு மையங்களில் கோவிஷீல்டும் கோவாக்சினும் போட்டார்கள். வரிசையில் நின்றவருக்கு எது கிடைத்ததோ அதுதான். கனடா கோவிஷீல்டை ஏற்றது. கோவாக்சினை 2021 நவம்பர் 30 முதல்தான் ஏற்றது. அதுவரை இரண்டு தவணை கோவாக்சின் போட்டவரும் அங்கே தடுப்பூசி போடாதவர்தான், தனிமைப்படுத்தல் கட்டாயம்.

விமானங்கள் திரும்பிய பிறகும் வரிசை தீரவில்லை. 2022 கோடையில் கனடா குடிவரவுத் துறையில் எல்லா வகை விண்ணப்பங்களும் சேர்ந்து தேங்கி நின்றவை 20 இலட்சத்தைத் தாண்டின. செப்டம்பர் வகுப்பு தொடங்கிய பிறகும் அனுமதி வராத மாணவர்கள் சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளினார்கள். அந்த ஆண்டு ஜனவரியில் கியூபெக் மாகாணத்தின் மூன்று தனியார் கல்லூரிகள் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டன. கட்டணம் கட்டிவிட்டு இந்தியாவில் காத்திருந்த மாணவர்களும் கடன்காரர் வரிசையில் நிற்க நேர்ந்தது. பிரெஞ்சு பேசும் ஆப்பிரிக்க நாடுகளின் மாணவர்களுக்கு மறுப்பு விகிதம் மிக அதிகம் என்பதை அதே 2022-இல் கனடா நாடாளுமன்றக் குழுவே ஆராய்ந்து அறிக்கை தந்தது. வரிசை எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நகரவில்லை என்பது நம் கற்பனை அல்ல.

1917-இல் நின்றுபோன ஒரு படிப்பு

வெளிநாட்டில் படிப்பு பாதியில் நிற்பது என்றால் என்ன என்பதை அண்ணல் அம்பேத்கரின் வாழ்விலிருந்து நாம் அறிவோம். பரோடா மன்னர் சயாஜிராவ் தந்த உதவித்தொகையில் 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916-இல் லண்டன் பொருளியல் கல்லூரியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. தனியே அனுப்பிய அவருடைய உடைமைகளை ஏற்றிய கப்பல் குண்டு வீசி மூழ்கடிக்கப்பட்டது, புத்தகங்கள் கடலில் போயின. பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் இருந்து தடிகளோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள்.

அவரால் எப்படித் திரும்பிப் போக முடிந்தது? முதலாவது, நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகம் அனுமதி தந்திருந்தது. இரண்டாவது, 1918 நவம்பரில், பம்பாயை விஷக்காய்ச்சல் சூறையாடிய மாதங்களையொட்டி, சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. அதில் மிச்சம் பிடித்தார். மூன்றாவது, கோலாப்பூர் சாகு மகாராஜாவும் நண்பர் நாவல் பாத்தேனாவும் உதவினார்கள். 1920-இல் லண்டன் திரும்பினார். 1922-இல் வழக்கறிஞர், 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம். அவரது அறிவும் உழைப்பும் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் அந்த நான்காண்டு அவகாசக் கடிதம் இல்லாமலும் நடந்திருக்காது.

அவர் கைப்பட எழுதி வைத்த நினைவுகள் 1990-இல் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற பெயரில் வெளிவந்தன. அதில் எந்த நாட்டு விசா அலுவலகமும் வராது. மாட்டுவண்டி, குடிநீர்க் குளம், விடுதி அறை, மருத்துவர் வராத வீடு ஆகியவைதான் வரும். சொந்த நாட்டுக்குள்ளேயே ஒவ்வொரு வாசலிலும் அனுமதிக்குக் காத்திருந்த சமூகத்தின் பிள்ளைகள்தான் இன்று வெளிநாட்டு வாசலிலும் காத்திருக்கிறார்கள்.

காத்திருப்புக்கு அடமானம் வேண்டும்

கல்விக்கடன் விதியைப் பாருங்கள். வங்கிகளின் மாதிரித் திட்டப்படி ஏழரை இலட்சத்துக்கு மேல் கடன் வேண்டுமென்றால் சொத்துப் பிணை வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு பெரும்பாலும் ஏழரை இலட்சத்துக்குள் அடங்காது. பட்டா எங்கே என்று வங்கி கேட்கும்போது, 1892-க்குப் பிறகு ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலத்தையும் பறிகொடுத்து நிற்கும் குடும்பம் எதைக் காட்டும்? நகையை வைப்பார்கள், மீட்டர் வட்டிக்கு வாங்குவார்கள். ஒரு பருவம் தள்ளிப்போனால் நிலமுள்ள வீட்டுக்கு அது ஓராண்டுத் தாமதம். நிலமில்லாத வீட்டுக்கு அது மீள முடியாத கடன்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1950-களிலேயே தொடங்கியது. 2021-22-இல்தான் இடங்கள் 100-இலிருந்து 125 ஆயின. இவ்வளவு பெரிய நாட்டுக்கு 125. அந்த இடத்துக்கும் வயது வரம்பு 35. எல்லை மூடிக் கிடந்த மாதங்களிலும் வயது ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2022-இல் வந்த புதிய விதி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்றது. சாதியைப் பற்றி வெளிநாட்டில் போய்ப் படிக்க நினைப்பவருக்கு விமானம் ஏறும் முன்பே ஒரு வாசல் அடைபட்டது.

நாம் கேட்பது சலுகை அல்ல. எல்லை மூடும் காலத்தில் கல்விக்கடன் வட்டியை அரசு ஏற்க வேண்டும். அனுமதி தாமதமானால் உதவித்தொகை காலாவதி ஆகக்கூடாது, வயது வரம்பிலும் அந்தக் காலத்தைக் கழிக்க வேண்டும். அனுமதி கைக்கு வந்த பிறகே முழுக் கட்டணம் என்ற நிலை வர வேண்டும். மறுக்கப்பட்டால் குறித்த நாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். லண்டன் பல்கலைக்கழகம் 1917-இல் ஒரு மாணவருக்குத் தந்த நான்காண்டு அவகாசத்தை, இன்றைய கல்லூரிகள் எழுத்தில் எல்லா மாணவருக்கும் தர வேண்டும்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விதிகள் அதற்காகக் காத்திருப்பதில்லை. கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தது, வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 20,635 டாலராக, அதாவது இரண்டு மடங்குக்கு மேல், உயர்த்தியது, அந்த ஆண்டு நவம்பரில் விரைவு வழியையும் மூடியது. வாசல் மறுபடி குறுகுகிறது. குறுகும் வாசலில் முதலில் பின்னுக்குத் தள்ளப்படுவது நம் பிள்ளைகள்தான். தயாராகும் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: பணம் கட்டும் முன் திருப்பித் தரும் விதியைக் கேளுங்கள், சேர்க்கையைத் தள்ளிவைக்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள், ஒவ்வொரு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். வாய்வார்த்தையை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.